எண் எழுதிய கதவு

1

தமிழ் நாவல்களில் வரும் வீடுகளை எல்லாம் சேர்த்து ஓர் ஊர் கட்டினால் அது எப்படி இருக்கும் என்று சில சமயம் யோசித்திருக்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு போகும் வீடுகள் பெரும்பாலான தெருக்களை அடைத்துக்கொள்ளும். ஊர்க்கோடியில் சில ஓலைக் குடிசைகள் இருக்கும். நகரத்து ஒண்டுக்குடித்தனங்களுக்கு ஒரு சந்து கிடைக்கும். கம்பெனி கட்டித் தொழிலாளிக்குக் கொடுத்த வீடு அந்த ஊரில் அபூர்வம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை போய் வந்தது. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) செகந்திராபாத் லான்ஸர் பாரக்ஸில், ரயில்வேக்காரர்களின் குடியிருப்பில் நடக்கிறது. நண்பர்கள் இன்னும் சில பெயர்களைச் சொல்லக்கூடும். இருந்தும், வேலையோடு வந்து வேலையோடு போய்விடுகிற வீடு நம்முடைய இலக்கியப் பிரக்ஞையில் ஒரு வீடாகப் பதியவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றியது. கோலார் தங்கவயலில், ஒரு லைனில், ஒற்றை அறை கொண்ட வீடு. என் ஆயா 1957ல் கல்யாணமாகி வந்து அதில் குடிபுகுந்தாள். 1988ல் தாத்தாவுக்கு ஓய்வு வந்தபோது சாவியை ஒப்படைத்துவிட்டுக் குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். சென்ற ஆண்டு அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். புறப்படும்போது அந்த வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு கருத்து தயாராக இருந்தது. திரும்பும்போது அது அப்படியே இருக்கவில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஊரின் சரித்திரம் தெரியாமல் அந்த அறையின் நாலு சுவர்களும் புரியாது.

2

கோலார்ப் பக்கத்தில் தங்கம் இருப்பது கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1802ல் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பத்தில் உள்ளூர் ஆட்கள் ஆழமில்லாத குழிகளில் இறங்கிக் கல் எடுப்பதையும், பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கி நீரில் அலசுவதையும் பார்த்து எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு அச்சாகி எழுபது வருஷம் போலக் கிடந்தது. நியூஸிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஓய்வாக வாழ்ந்துகொண்டிருந்த மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துச் சிப்பாயின் கண்ணில் அது பட்டது. 1871ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார். சமஸ்தானத்திடம் உரிமம் வாங்கினார். தோண்டப் பணம் போதாமல் உரிமை கைமாறியது. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது. கார்ன்வால் தகரச் சுரங்கங்களில் பழகியவர்கள் 'காப்டன்'களாக வந்து இறங்கினார்கள். 1880களின் நடுவில், பழங்காலத்தவர் தோண்டி விட்டுப்போன குழிகளுக்கும் கீழே, வளமான படிவு அகப்பட்டது.

அதன் பிறகு ஊர் வளர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். 1894ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்குப் பத்து மைல் ரயில் கிளை வந்தது. 1901 கணக்கெடுப்பில் அங்கே 38,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1902ல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். உலகத்திலேயே அன்றைக்கு மிக நீண்ட மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூருக்கு மின்சாரம் வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. சுரங்கத்தின் எந்திரங்களுக்கும் துரைகளின் பங்களாக்களுக்கும் வந்த அந்த வெளிச்சம் தொழிலாளியின் அறைக்கு வர வெகுகாலம் பிடித்தது. ஆயா குடிவந்து பல வருஷங்கள் சீமெண்ணெய் விளக்கில்தான் சோறு வடித்தாளாம்.

தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்று ஏரி. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தலித்துகள். பாலாறு அங்கிருந்து இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று இவர்கள் விட்டுவந்த ஊர்களின் வழியாகப் போகிறது. எந்த ஆற்றங்கரையில் கூலிக்குப் போதிய வேலை கிடைக்காமல் கிளம்பினார்களோ, அதே ஆற்றின் தண்ணீரை மேட்டுநிலத்தில் குழாயில் பிடித்துக் குடித்தார்கள்.

இவர்களுக்கு இருக்க இடம் வேண்டும். முதலில் எழுந்தவை மூங்கில் தட்டியை மண்ணால் பூசி, மேலே கூரையோ தகரமோ போட்ட ஒற்றை அறைகள். வரிசை வரிசையாக, முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி. இவற்றுக்கு லைன் என்று பெயர். அந்தச் சொல் கன்டோன்மென்ட்டிலிருந்து வந்தது. சிப்பாய்கள் அணிவகுத்து நிற்பதைப்போல அவர்களுடைய குடிசைகளும் அணிவகுத்து நின்றன. இலங்கைத் தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று பேர்பெற்ற லயத்து அறைக்கும் இதே சொல்தான். வீட்டைக் குறிக்கும் ஒரு சொல், வீட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல், அது எப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்வது கவனிக்கத்தக்கது.

1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசுக்குப் போயின. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் ஆயின. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. நூற்று இருபது வருஷத்தில் வெளிவந்த தங்கம் ஏறக்குறைய 800 டன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்.

3

என் கருத்து என்னவாக இருந்தது என்று இப்போது சொல்ல வேண்டும். புத்தகங்களிலிருந்து பெற்ற கருத்துத்தான். அதற்காக அதைத் தள்ளிவிட முடியாது.

கம்பெனி வீடு உலகம் பூராவும் ஒரே குணம் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாளிகளில் நல்லவர்கள் சிலர் உண்டு, அவர்களை எடுத்துக்கொள்வோம். யார்க்‌ஷயரில் டைட்டஸ் சால்ட் 1851ல் ஸால்டேர் என்ற ஊரையே கட்டத் தொடங்கினார். கல் வீடுகள், தேவாலயம், மருத்துவமனை, பள்ளிக்கூடம். தெருக்களுக்குத் தம் பிள்ளைகளின் பெயரை வைத்தார். சாராயக்கடை மட்டும் கூடாது என்றார். வடக்கு பிரான்ஸில் கீஸ் என்ற சிற்றூரில் அடுப்பு வார்க்கும் ஆலை வைத்திருந்த கோடான், 1859ல் தொடங்கித் தம் தொழிலாளர்களுக்கு ஒரு 'சமூக மாளிகை' கட்டினார். நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம், சுற்றிலும் மாடிதோறும் நடைபாதை, எல்லா வீட்டு வாசலும் அந்த முற்றத்தைப் பார்த்தபடி. ஃபூரியேயின் கனவைக் கல்லில் எழுப்பியவர் என்று அவருக்குப் பெயர். 1880ல் ஆலையையும் மாளிகையையும் தொழிலாளர் கூட்டுறவாக ஆக்கினார். அமெரிக்காவில் ரயில்பெட்டி கட்டிய புல்மன், சிகாகோவுக்குப் பக்கத்தில் தம் பெயரிலேயே ஓர் ஊர் கட்டினார். 1890களின் நெருக்கடியில் கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894ல் வெடித்த வேலைநிறுத்தத்தைச் சரித்திரம் இன்றும் புல்மன் வேலைநிறுத்தம் என்றே சொல்கிறது.

எங்கெல்ஸ் 1872லேயே குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது இதைத் தெளிவாகப் பார்த்துவிட்டார். கூலி கொடுப்பவனே கூரையும் கொடுத்தால் தொழிலாளியின் இரண்டு கையும் ஒரே கயிற்றில் கட்டப்படுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் கூரை சலவைக்கல்லா, தகரமா என்பது இரண்டாம் பட்சம்.

இதன்மேல் என் பங்குக்கு நான் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தேன். தமிழில் வீடு என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள். அகம் என்ற சொல் வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும், கவிதையின் ஒரு பாதியையும் குறிக்கும். லைன் வீட்டில் அகம் ஏது? ஒரே அறை. அடுப்பும் படுக்கையும் பிரசவமும் சாவும் அதே தரையில். மூன்று ஷிஃப்ட்டில் மனிதர்கள் வேலைக்குப் போகிற ஊரில், இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவனுக்காகப் பிள்ளைகள் தெருவில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். கதவில் பெயர் கிடையாது, எண் இருக்கிறது. இந்த எண்தான் என்னை உறுத்தியது. நான் வங்கியில் குமாஸ்தா. காலை பத்து மணியிலிருந்து மனிதர்களை எண்களாகக் கேட்டு எண்களாகவே திருப்பி அனுப்புகிற உத்தியோகம். அந்நியமாதல் என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் நாம் எத்தனை பக்கங்கள் செலவழித்து விவாதித்திருக்கிறோம்! காஃப்காவிடமும் காம்யுவிடமும் தேடிப் போனதை என் தாத்தா தம் கதவிலேயே வைத்திருந்தார் என்று எழுதுவதாக இருந்தேன். முதல் வாக்கியம்கூடத் தயார்.

4

குடியாத்தத்தில் ரயில் ஏறிப் பங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் வண்டியில் உட்கார்ந்தோம். ஆயாவுக்கு எண்பதுக்கு மேல். வண்டி ஊருக்குள் நுழையும்போது சாம்பல் நிறத்தில் மேடுகள் தெரியும். கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண். சயனைடு மேடு என்பார்கள். ஆயா அதைப் பார்த்துத் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "காத்து அடிச்சா சோத்துல விழும்டா இந்த மண்ணு" என்றாள். குறை சொல்கிற தொனி இல்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

லைனைக் கண்டுபிடிக்க நான் காகிதத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பு உதவவில்லை. ஆயாவின் கால்தான் உதவியது. இரண்டு திருப்பம் திரும்பி, ஒரு குழாயடியில் நின்று, ஏழாவது கதவைக் காட்டினாள்.

"இன்னாடா பாக்கற? இதான் ஊடு."

நான் பார்த்தது ஒரு வீட்டை அல்ல, பல வீடுகளை. கம்பெனி கட்டிய அறை நடுவில் எங்கோ இருந்தது. அதற்கு முன்னால் தகரம் இறக்கி ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தை அரைச்சுவர் வைத்து அடைத்து ஒரு சமையலறை. பக்கவாட்டில் சாக்குப் படுதா தொங்கும் குளிக்கிற மறைப்பு. அதற்கும் முன்னால் பழைய டால்டா டின்களில் துளசியும் கற்றாழையும். பக்கத்துக் கதவுகளும் இப்படியே, ஆனால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி. ஒரு வீட்டில் முன்சுவரில் சிலுவை, ஒன்றில் அம்பேத்கர் படம், ஒன்றில் முருகன். நேர்கோடாக இழுத்த லைன் நூறு இடத்தில் வளைந்திருந்தது.

"முன்னால இருக்கற எறப்ப நாந்தான் போட்டேன்" என்றாள் ஆயா. "உங்க தாத்தா தகரம் எட்த்தாந்தாரு. மண்ணு கொழச்சது நானு." 1957லிருந்து 1988 வரை, முப்பத்தொரு வருஷத்தில் தாங்கள் என்னென்ன சேர்த்தோம் என்று வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். எந்தப் பிள்ளை பிறந்த வருஷம் எந்தச் சுவர் என்று. கட்டடக்கலைப் புத்தகங்கள் இந்த வீட்டை வரைந்தால் ஒரு செவ்வகம் வரைவார்கள். அவள் சொன்ன பட்டியல் அந்தச் செவ்வகத்துக்கு வெளியே இருந்தது.

அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "வாங்க ஆயா, உள்ள வாங்க, இருங்க" என்று பாயை விரித்தாள். உள்ளே நான் அடி வைத்து அளந்தேன். நீளம் பன்னிரண்டு, அகலம் பத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆயா நேராகப் பின்சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு பலகை அடித்து எவர்சில்வர் குண்டான்கள் அடுக்கியிருந்தன. அவள் காலத்திலும் அதே இடத்தில் பலகை இருந்ததாம், பித்தளைப் பாத்திரங்களோடு. இரவில் திடீரென்று அந்தப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். கீழே எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆழமாகத் தோண்டிய சுரங்கங்களில் சுற்றுப்பாறையின் அழுத்தம் தாங்காமல் கல் சிதறும். அதிர்ச்சி மேலே ஊர் வரைக்கும் வரும். லைனில் எல்லாப் பெண்களும் எழுந்து வாசலுக்கு வருவார்களாம். யாரும் பேசமாட்டார்கள். எந்த வீட்டு ஆள் இந்த ஷிஃப்ட்டில் கீழே இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"குண்டான் பேசும்" என்றாள். அவள் சொன்ன சொல் அதுதான்.

1965ல் அதே சாம்பியன் ரீஃபில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கருவி வைத்து, வானவெளிக் கதிர்களால் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை முதல்முதலாகப் பதிவு செய்தார்கள். உலக இயற்பியலில் அது ஒரு சம்பவம். மேலே பதிவாகாத இன்னொரு கருவி ஒவ்வொரு லைன் வீட்டிலும் பலகைமேல் இருந்தது. இதை ஒரு கவித்துவமான ஒப்புமையாகச் சொல்லவில்லை. என் ஆயா அந்தச் சத்தத்தை வைத்து வெடிப்பு கிட்டத்திலா, தூரத்திலா என்று சொல்வாள். அடுத்த நாள் தாத்தா வந்து சொல்வது பெரும்பாலும் அதோடு ஒத்துப்போகுமாம்.

5

வெளியே வந்து குழாயடிக் கல்லில் உட்கார்ந்தோம். நான் என் கேள்வியைக் கேட்டேன். கதவில் பேருக்குப் பதில் எண் எழுதியிருந்தது அவளுக்கு எப்படி இருந்தது என்று. கேள்வியே அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபின் சிரித்தாள்.

"ஊர்ல நம்ப ஊடு எங்கன்னு ஒர்த்தன் கேட்டான்னா, அவன் ஊட்டக் கேக்கலடா. நாம யாருன்னு கேக்கறான். இங்க நெம்பரு சொன்னா நெம்பருதான். செருப்புப் போட்டுக்கினு மார்க்கெட்டுக்குப் போவேன் நானு. யார்றா கேட்டது?"

இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் படித்த ஐரோப்பிய நாவல்களில் பெயரை இழப்பது மனிதன் இழக்கக்கூடிய கடைசி விஷயம். ஆனால் பெயரும் தெருவும் சேர்ந்து ஒருவனுடைய சாதியைச் சொல்லிக்கொடுக்கும் சமூகத்தில், எண் என்பது சிலருக்கு முதன்முதலாகக் கிடைத்த மறைவிடமாக இருக்கலாம். என் கருத்தில் இந்த இடம் காலியாகவே இருந்திருக்கிறது. தங்கவயலில் சாதி ஒழிந்துபோயிற்று என்று நான் சொல்லமாட்டேன். லைன்களிலும் அது இருந்தது, வேலை பங்கிட்டதிலும் இருந்தது. பங்களாவுக்கும் லைனுக்கும் நடுவே நிறத்தின் சுவரே இருந்தது. இருந்தும் சேரியிலிருந்து லைனுக்கு வந்தவர்கள் தூரத்தை வெறும் மைலில் அளக்கவில்லை.

சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தத் தொடங்கியபோது, அவருடைய பௌத்த இயக்கம் வேரோடிய இடங்களில் தங்கவயல் முக்கியமானது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கங்கள் நடந்தன. 1914ல் அவர் மறைந்தார். 1926ல் 'தமிழன்' மறுபடி உயிர்பெற்றது சென்னையில் அல்ல, தங்கவயலில், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. சித்தார்த்தா என்ற பெயரில் அங்கே அச்சகமும் புத்தகசாலையும் இருந்தன. பண்டிதரின் எழுத்துகளை மறுபடி அச்சிட்டு வைத்தவர்கள் அவர்கள். 1990களில் தமிழ் அறிவுலகம் அயோத்திதாசரைக் 'கண்டுபிடித்த'போது, அந்த வெளியீடுகள் யார் வீட்டுப் பலகையில் அவ்வளவு காலம் இருந்தன என்று நாம் கேட்டோமா? ஒரே அறை கொண்ட, அகம் இல்லாதவை என்று நான் தீர்ப்பெழுத இருந்த வீடுகளின் பலகைகளில்.

இன்னொரு சம்பவம். 1930ல் கம்பெனிகள் தொழிலாளிகளைப் பதிவு செய்ய முற்பட்டு, எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்றன. சுரங்கங்கள் நின்றன. பெரிய தலைவர்கள் என்று யாரும் முன்னே நிற்காத வேலைநிறுத்தம் அது. கடைசியில் கம்பெனிகள் இறங்கிவந்தன. கதவில் எண்ணை ஏற்றுக்கொண்டவர்கள், கையை மையில் தோய்க்க மாட்டோம் என்றார்கள். 1897ல் சமஸ்தானம் கொண்டுவந்த சுரங்கச் சட்டத்திலிருந்தே தங்கத் திருட்டின் பெயரால் அவர்கள்மேல் ஒரு கண் எப்போதும் இருந்தது. சுரங்கவாயில் உடம்பைத் தடவிச் சோதிப்பது அன்றாடம். கைரேகை என்றால் திருடனுக்கு எடுப்பது. எது தங்களை ஒளித்துவைக்கிற எண், எது தங்களைக் காட்டிக்கொடுக்கிற குறி என்ற பேதம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்நியமாதல் பற்றி நூல்கள் படித்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எங்கெல்ஸ் சொன்னது பொய்யாகிவிட்டதா? இல்லை. 1946 நவம்பர் 4ஆம் தேதி தங்கவயலில் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்து இருமிச் செத்தவர்களின் கணக்கு தனி. அந்தத் தங்கம் கட்டியாகி லண்டனுக்குக் கப்பலேறியது. லைன் வீடு இந்தக் கணக்கின் ஒரு பகுதி. கூலி குறைவாக இருக்கலாம் என்பதற்காகக் கட்டிய மலிவான கூரை. இதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்பப் பெறவில்லை. கட்டியவன் நோக்கம் எதுவோ அதுவே அந்த வீட்டின் முழு அர்த்தம் என்று நினைத்ததைத்தான் திரும்பப் பெறுகிறேன். இலக்கியப் பிரதியைப் பற்றி இதை நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். வீட்டுக்கு அதை ஒப்புக்கொள்ள எனக்கு எண்பது வயதுக் கிழவி தேவைப்பட்டாள்.

6

2001 டிசம்பரில் யுனெஸ்கோ ஸால்டேரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே பட்டியலில் ராபர்ட் ஓவன் நிர்வகித்த நியூ லனார்க் என்ற ஸ்காட்லாந்து ஆலைக் குடியிருப்பும் இருந்தது. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னால்தான் தங்கவயலில் சுரங்கம் மூடியிருந்தது. 2006ல் கார்ன்வாலின் சுரங்க நிலப்பரப்பும் பட்டியலில் சேர்ந்தது. தங்கவயலுக்குக் காப்டன்களை அனுப்பிய அதே கார்ன்வால். காப்டன்கள் விட்டுவந்த இயந்திரக்கூடங்கள் மனித குலத்தின் சொத்து ஆயின. காப்டன்களின் கீழே வேலை செய்தவர்கள் தங்கிய தகரக்கூரைகள் யாருடையவை என்பதற்கு இவ்வளவு தெளிவான பதில் கிடையாது.

அதற்காக இங்கேயும் பலகை ஒன்று வைக்க வேண்டும், பழைய மூங்கில் தட்டி அறை ஒன்றை மாதிரிக்குக் கட்டிக் காட்ட வேண்டும் என்று நான் மனுப் போடப் போவதில்லை. அப்படிக் காப்பாற்றும்போது எதைக் காப்பாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். கம்பெனி வரைந்த செவ்வகத்தை. பின்னால் ஒட்டியதெல்லாம் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிட்டு மூல வடிவத்தை மீட்பார்கள். ஆயாவின் இறப்பு முதலில் போகும். சினிமா இன்னொரு வழியில் காப்பாற்றுகிறது. 2018ல் வந்த 'கே.ஜி.எஃப்' என்ற கன்னடப் படம் அந்த ஊரின் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது. உள்ளே இருப்பது வேறு ஏதோ ஒரு ஊர். 2024ல் 'தங்கலான்' வட ஆற்காட்டிலிருந்து போனவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதன் கலைத்தரம் பற்றித் தனியாக எழுதலாம். அந்தப் படம் தங்கத்தைத் தேடிப் போவதோடு நிற்கிறது. தேடிப்போனவர்கள் அதன் பிறகு நூறு வருஷம் எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள் என்பது இன்னும் எழுதப்படாத நாவல். எழுதுகிறவர் அந்த அறைக்கு வெளியே நின்று இரங்குகிறவராக இருந்தால் அது எழுதப்படாமலே இருக்கட்டும்.

வங்கியில் என் மேஜைக்குப் பக்கத்தில்தான் நகைக்கடன் பிரிவு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்த்துச் சொல்வார், நான் நிறையை எழுதிக்கொள்வேன். எட்டு கிராம், பதினாறு கிராம், கல் நீக்கி பத்தொன்பது. எங்கே எடுத்த தங்கம் என்று எந்த நகையிலும் எழுதியிருக்காது. வண்டியில் திரும்பி வரும்போது ஆயாவிடம், முப்பத்தொரு வருஷம் தங்கவயலில் இருந்தாயே, உனக்கென்று என்ன பொன் செய்துகொண்டாய் என்று கேட்டேன். மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அந்த மூக்குத்தி கல்யாணத்துக்குக் குடியாத்தத்தில் வாங்கியது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன், அந்தப் பெண் டீ போட எழுந்தபோது, ஆயாவும் எழுந்து பின்சுவர்ப் பலகைக்குப் போனாள். குண்டான்கள் இடைவெளி விட்டு அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அவள் இரண்டைப் பிடித்து நகர்த்தி, விளிம்போடு விளிம்பு ஒட்டும்படி வைத்தாள். "இடிக்காம இருக்கட்டும்னுதான் ஆயா தள்ளி வச்சிருக்கேன்" என்றாள் அந்தப் பெண். ஆயா பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.